விட்ட இடம் எடுத்துக்கொடுத்த தூப்புல் பிள்ளை

திவ்ய தேசங்கள் 108 என்று பெரியோர் வகுத்தனர். அவற்றுள் நடுநாட்டுக்கு உரியவை இரண்டே. கெடிலக் கரையில் தெய்வநாயகன் எழுந்தருளியுள்ள திருவகீந்திரபுரம் ஒன்று. தென்பெண்ணைக் கரையில் உலகளந்த பெருமாள் ஓங்கி நிற்கும் திருக்கோவலூர் மற்றொன்று. கெடிலம் நம் கள்ளக்குறிச்சிச் சீமையில் தோன்றிக் கீழ்த்திசை சென்று கடலூரில் கடலை அடைகின்றது. பெண்ணையோ கன்னட நாட்டு நந்தி மலையில் பிறந்து, சாத்தனூரைக் கடந்து, கோவலூரை நனைத்து, அதே கடலூரை அடுத்துக் கடலிற் கலக்கின்றது. நதிகளால் உறவுகொண்ட இவ்விரு தலங்களையும் வாக்கினாலும் உறவாக்கியவர் ஒருவர் உண்டு. அவரே ஸ்வாமி வேதாந்த தேசிகன். கவிகளுக்கும் தார்க்கிகர்களுக்கும் சிங்கம் என்று உலகம் கொண்டாடிய அம்மஹான், வாதப்போர்களுக்கு இடையே நம் கோவலூர் இடைகழியிலும் வந்து நின்றார். 2019 ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. திருக்கோவலூரும் அதனுள் அடங்கிற்று. ஆதலின் இவ்வட்டாரத்து உத்ஸவ மலர் ஒன்றில் அவர் சரிதத்தைப் பேசுவது நமக்குக் கடமையும் உரிமையும் ஆகும்.

காஞ்சி மாநகரை ஒட்டிய தூப்புல் என்னும் அக்ரஹாரத்தில், விளக்கொளிப் பெருமாள் சந்நிதியின் அருகே, 1268 ஆம் ஆண்டு, விபவ வருஷம் புரட்டாசித் திருவோணத்தன்று அவர் அவதரித்தார். தந்தையார் அனந்தஸூரி, தாயார் தோதாரம்மை. இட்ட திருநாமம் வேங்கடநாதன். திருவேங்கடமுடையானின் திருமணியே இவராக வந்தது என்பது ஸம்ப்ரதாயம். திருவேங்கடத்தில் பெருமாளுக்குத் தனிக் கைம்மணி இல்லாததற்கு அதையே காரணமாகச் சொல்வர். தோதாரம்மையின் தமையனார் கிடாம்பி அப்புள்ளார் பெரும் வித்வான். எம்பெருமானாருக்கு மடைப்பள்ளிக் கைங்கரியம் செய்த கிடாம்பி ஆச்சானின் வழிவந்தவர் அவர். உடையவருக்கு அமுது சமைத்த கையின் வழியே உடையவரின் சித்தாந்தமும் வந்தது என்று பெரியோர்கள் இதனை ரஸமாகச் சொல்வதுண்டு. அம்மடைப்பள்ளி வழியில்தான் வேங்கடநாதனுக்குக் கல்வி கிடைத்தது.

அக்காலத்தில் காஞ்சியில் நடாதூர் அம்மாள் ஸ்ரீபாஷ்ய காலக்ஷேபம் ஸாதித்துவந்தார். உடையவர் அருளிய ஸ்ரீபாஷ்யத்தின் உட்பொருளை அறிய எத்தனையோ ஊர்களிலிருந்து வித்வான்கள் வந்து அவர் திருவடிகளில் அமர்ந்திருந்தனர். ஒருநாள் அப்புள்ளார் ஐந்து பிராயமே நிரம்பிய மருமகனைக் கையிற் பிடித்துக்கொண்டு அக்கோஷ்டிக்குச் சென்றார். குழந்தையின் தேஜஸைக் கண்ட அம்மாள் உபந்யாஸத்தை நிறுத்தி இன்னார் இவர் என்று விசாரித்தார். விசாரணை முடிந்து மீண்டும் தொடங்க முற்பட்டபோது, எந்த இடத்தில் விட்டோம் என்பது அம்மாளுக்கும் புலப்படவில்லை. சூழ்ந்திருந்த சீடர்களுக்கும் நினைவு வரவில்லை. மாமனின் பக்கத்தில் நின்ற பாலகன் விட்ட வாக்கியத்தை எடுத்துக்கொடுத்தான். அம்மாள் அக்குழந்தையை மடியில் இருத்தி, வேதாந்தத்தை நிலைநாட்டிப் பெரும்புகழ் பெறுவாய் என்று ஆசி கூறினார்.

இந்நிகழ்ச்சியை அற்புதம் என்று சொல்லிக் கடந்துவிடுவார் பலர். இதில் அற்புதத்தைக் காட்டிலும் பெரிது ஒன்று உண்டு. சாஸ்திரம் என்பது அந்நாளில் செவி வழியே ஓடிய நீர். ஆசிரியனின் வாயில் தொடங்கி மாணாக்கனின் நெஞ்சில் தங்கும். இடையில் ஒரு கணம் அறுந்தாலும் ஓட்டம் நின்றுவிடும். அறுந்த இழையை முடிந்துகொடுக்க யாரேனும் ஒருவர் இருந்தாக வேண்டும். அம்மாளின் கோஷ்டியிலே ஸுதர்சன பட்டர் என்றொரு சீடரும் இருந்தார். ஸுதர்சன ஸூரி என்றும் அவரை வழங்குவர். வாய் திறந்து வினா எழுப்பாதவராகையால் உடன்பயின்றோர் அவரை மந்தர் என்று எண்ணினராம். அவரோ கேட்டது ஒன்றையும் சிந்தாமல் நெஞ்சில் வாங்கிப் பின்னர் ஓலையில் வடித்தார். கேட்டதை விளக்கியது என்னும் பொருள்பட அதற்கு ச்ருதப்ரகாசிகை என்ற பெயர் அமைந்தது. ஸ்ரீபாஷ்யத்துக்கு அமைந்த வியாக்கியானங்களுள் தலைமையானது அதுவே. காலக்ஷேபத்தின் விட்ட இடத்தைச் சொன்ன குழந்தையும், அதே காலக்ஷேபத்தை முழுமையாக எழுதிவைத்த மோன வித்வானும் பின்னொரு நாள் அரங்கத்தில் எந்த நிலையில் ஒருவரையொருவர் கண்டனர் என்பதை மேலே காண்போம்.

வேங்கடநாதன் இருபது பிராயத்துக்குள் வேத வேதாந்தங்களையும் தர்க்கம், மீமாம்ஸை, வியாகரணம் முதலிய சாஸ்திரங்களையும் கற்றுத் தேர்ந்தார். திருமங்கை என்னும் நங்கையைக் கைப்பிடித்து இல்லறம் ஏற்றார். அப்புள்ளார் தம் அந்திமத்தில் கருட மந்திரத்தை அவருக்கு உபதேசித்துத் திருநாடு அலங்கரித்தார். அம்மந்திரத்தை ஜபிக்கவே தேசிகன் திருவகீந்திரபுரம் எழுந்தருளினார். அங்கே ஔஷதகிரியின் மேல் அமர்ந்து ஜபிக்க, பெரிய திருவடி காட்சி தந்து ஹயக்ரீவ மந்திரத்தை அருளினான் என்றும், பரிமுகப் பெருமான் தன் திருவாய் அமுதத்தையே அளித்தான் என்றும் குருபரம்பரை கூறும்.

திருவகீந்திரபுரத்தில் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். தெய்வநாயகனை வடமொழியில் தேவநாயக பஞ்சாசத்தாலும், பிராகிருதத்தில் அச்யுத சதகத்தாலும், தமிழில் மும்மணிக்கோவை, நவமணிமாலை முதலியவற்றாலும் பாடினார். ஒரே பெருமாளுக்கு மூன்று மொழிகள்! பந்து, கழல், அம்மானை, ஊசல், ஏசல் என்று பெண்கள் விளையாட்டில் பாடும் வகையிலும் அவர் பிரபந்தங்கள் செய்திருந்தார். அவை நமக்குக் கிடைக்காமற் போயின. நியாய சாஸ்திரத்தின் நுண்மையெல்லாம் அளந்த ஒருவர், ஊஞ்சலாடும் சிறுமியரின் வாயில் பெருமாளின் பெயர் இருக்க வேண்டும் என்று திருவுள்ளம் பற்றினாரே, அதுவன்றோ தேசிகன்! அவருடைய தர்க்க நூல்கள் தப்பிப் பிழைத்து, இவ்விளையாட்டுப் பாடல்கள் மறைந்தமை நம் குறையே.

எல்லாத் தொழிலிலும் வல்லவர் என்னும் பொருளில் ஸர்வதந்த்ர ஸ்வதந்த்ரர் என்ற விருது அவருக்கு உண்டு. அப்பெயர் உண்மையாயின் தம் கையால் ஒரு கிணறு கட்டிக் காட்டட்டும் என்று கொத்தன் ஒருவன் கேட்டானாம். கொடுத்த செங்கற்களோ கோணலும் மாணலுமானவை. தேசிகன் அவற்றைக் கொண்டே வட்டம் பிசகாமல் கிணறு கட்டினார். திருவகீந்திரபுரத்துத் தேசிகன் திருமாளிகையில் அக்கிணற்றை அன்பர்கள் சேவிக்கலாம். எல்லா மதத்தாரின் வாதங்களையும் வாங்கித் தம் சித்தாந்தத்துக்கு இடம் பொருந்த அடுக்கிய அவருடைய நூல்களைப் படிப்பவர்க்கு இக்கதை வியப்பைத் தராது.

திருவகீந்திரபுரத்தினின்று காஞ்சிக்கு மீளும் வழியில் ஸ்வாமி திருக்கோவலூருக்கு எழுந்தருளினார். உலகளந்த பெருமாள் இத்தலத்தில் வலக்கையில் சங்கும் இடக்கையில் சக்கரமும் ஏந்தித் திருவடியைத் தூக்கி நிற்கும் பேரழகை நாம் அடிக்கடி சேவிக்கிறோம். ஆயினும் தேசிகனின் நெஞ்சைக் கவர்ந்தது விண்ணளவு நீண்ட அத்திருவடி மட்டும் அன்று. மிருகண்டு முனிவரின் இல்லத்தில் வெளிவாசலுக்கும் உள்வீட்டுக்கும் இடையே அமைந்த சிறு இடைகழியே அவரைக் கட்டியது. மழை பொழிந்த ஓர் இரவில் பொய்கையாழ்வார் அங்கே படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தபோது இருவர் அமர இடம் கண்டனர். பேயாழ்வார் வந்தபோது மூவர் நிற்க இடம் கண்டனர். நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்க, அவர் யார் என்று அறிய ஆழ்வார்கள் ஏற்றிய விளக்குகளே முதல் மூன்று திருவந்தாதிகளாயின. தமிழ் மறையின் தொடக்கம் நம் கோவலூரில், பெண்ணைக் கரையில் நிகழ்ந்தது.

இடைகழி வடமொழியில் தேஹளி எனப்படும். அவ்விடைகழிக்கு நாதன் என்று பெருமாளைக் குறித்து 28 சுலோகங்களில் தேஹளீச ஸ்துதியை ஸ்வாமி அருளினார். அதில் ஓரிடத்தில் பெருமாளைப் பெண்ணைக் கரையில் விளைந்த கரும்பாக அவர் காண்கிறார். ஆழ்வார்கள் நெருக்கியதனால் அக்கரும்பினின்று சாறு பெருகியது என்பது அவர் கருத்து. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் ஆலைகளுக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் நம் உழவர்களுக்கு இதை எவரும் விளக்க வேண்டுவதில்லை. கரும்பை வேலியில் நிற்க வைத்து அழகு பார்த்தால் சாறு வராது, நெருக்கினால்தான் வரும். வடமொழியில் கவிபாடிய காஞ்சிப் பேரறிஞர் ஒருவர் நம் ஆற்றையும் நம் பயிரையும் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பெருமாளுக்கு உவமை ஆக்கிவிட்டார். இவ்வட்டாரத்துக் கரும்புக்கு இதனினும் பெரிய புகழ் வேறு கிடைத்ததாக நமக்குத் தோன்றவில்லை.

காஞ்சியில் அவர் வாழ்ந்த வாழ்வு வறுமையும் வைராக்கியமும் நிறைந்தது. நாள்தோறும் உஞ்சவிருத்திக்குச் சென்று கிடைத்த அரிசியை இல்லத்தில் சேர்ப்பார். அவர் நிலைமைக்கு இரங்கிய அன்பர் ஒருவர் பொற்காசுகளை அரிசியோடு கலந்து இட்டார். தேசிகியார் மின்னுபவை எவை என்று கேட்க, ஸ்வாமி அவற்றைப் புழுக்கள் என்று சொல்லி ஒரு குச்சியால் தள்ளிவிட்டார் என்பது வரலாறு. 1336 இல் விஜயநகரம் எழுந்த பின்னர், அங்கே பெருஞ்செல்வாக்குடன் விளங்கிய வித்யாரண்யர் அரசவைக்கு வருமாறு அவருக்கு ஓலை விடுத்தார். அதற்கு மறுமொழியாகச் சென்றதே வைராக்ய பஞ்சகம் என்பர். தாம் பெற்ற சொத்து ஒன்றும் இல்லை, தந்தை தேடிவைத்ததும் இல்லை, பாட்டனார் தேடிய செல்வம் அத்திகிரியில் இருக்கிறது என்பதே அதன் கருத்து. பிரமன் வேள்வியில் வரதராஜன் தோன்றிய மலையே அத்திகிரி. பிரமனையே பாட்டன் என்று ஸ்வாமி கொண்டாடினார். அழைத்தவர் அத்வைதி, அழைக்கப்பட்டவர் அத்வைதத்தைக் கண்டித்து நூல் செய்தவர். அத்தகைய இருவரிடையேயும் மதிப்புக் குறையவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி அவருடைய சிந்தனையைச் சிறிது நோக்குவோம். அவர் இயற்றிய நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. 500 சுலோகங்களாலான தத்த்வமுக்தாகலாபமும், அதற்கு அவரே செய்த ஸர்வார்த்தஸித்தி என்ற உரையும், ந்யாயபரிசுத்தியும், ந்யாயஸித்தாஞ்ஜனமும் தர்க்க முறையில் அமைந்தவை. அத்வைதத்தின் மேல் நூறு குற்றம் சாற்றுவது என்னும் பெயருடைய சததூஷணியில் 66 வாதங்களே இப்போது கிடைக்கின்றன. பரமதபங்கம் 24 அதிகாரங்களில் பிற மதங்களை ஆராய்கின்றது. நாடகமாக ஸங்கல்ப ஸூர்யோதயம். காவியமாக 24 ஸர்க்கங்களில் யாதவாப்யுதயம். பின்னாளில் சைவப் பெரியாரான அப்பய்ய தீக்ஷிதரே அக்காவியத்துக்கு உரை வகுத்தார். அரங்கன் திருவடிநிலைகளின் மேல் 1008 சுலோகங்களை ஓர் இரவிலேயே பாடினார் என்பது பாதுகா ஸஹஸ்ரத்தைப் பற்றிய ஸம்ப்ரதாயம்.

தேசிகன் பிறந்த அதே நூற்றாண்டில் மேலை நாட்டிலும் இவ்வாறே சமயத்தையும் தர்க்கத்தையும் ஒருங்கே ஆண்ட அறிஞர்கள் இருந்தனர். அவர்களுள் தலைசிறந்தவரான இத்தாலி நாட்டுத் தாமஸ் அக்வினாஸ் 1274 இல் காலமானார். அப்போது நம் ஸ்வாமிக்கு ஐந்தாறு பிராயம், அம்மாளின் மடியில் அமர்ந்த பருவம். எதிர்க்கட்சியின் வாதத்தை முதலில் முழுமையாகச் சொல்லி, பிறகே தம் முடிவை நாட்டுவது இருவருக்கும் பொதுவான முறை. நாம் பூர்வபக்ஷம், ஸித்தாந்தம் என்கிறோம். ஆனால் ஓர் இடத்தில் இருவரும் பிரிகின்றனர். கடவுள் உளன் என்பதை அறிவின் வழியே நிறுவ ஐந்து வழிகளை அக்வினாஸ் காட்டினார். நம் நாட்டு நையாயிகர்களும் குடத்தைக் கண்டு குயவனை ஊகிப்பது போல உலகைக் கண்டு ஈச்வரனை ஊகிக்கலாம் என்றனர். உடையவரோ அதனை மறுத்தார். தேசிகனும் உடையவர் வழியே நின்று மறுத்தார். குடம் செய்த குயவனுக்கு உடல் உண்டு, குறை உண்டு, குயவர் பலராகவும் இருக்கலாம். அவ்வழியே ஊகித்தால் குறையுள்ள ஒருவனோ பலரோதான் கிடைப்பார்கள், புருஷோத்தமன் கிடைக்கமாட்டான். அவனை அறிய வேதம் ஒன்றே பிரமாணம்.

அங்ஙனமாயின் இத்தனை தர்க்க நூல்கள் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தர்க்கம் பயிரை விளைவிப்பதில்லை. விளைந்த பயிரை மாடு மேயாமல் காக்கும் வேலியாக நிற்கிறது. வேதம் சொல்லுவதை வேறொரு பிரமாணம் அடித்து வீழ்த்திவிட்டது என்று எவரேனும் சொன்னால், வீழ்த்தவில்லை என்று காட்டுவதே தேசிகனின் வேலை. சித்து, அசித்து, ஈச்வரன் மூன்றும் மெய். உயிரும் உலகும் எம்பெருமானுக்கு உடல். அவன் அவற்றுக்கு உயிர். ஒன்றினால் தாங்கப்பட்டு, ஒன்றினால் இயக்கப்பட்டு, ஒன்றின் பொருட்டே இருப்பது எதுவோ அது அதற்கு உடல் என்ற இலக்கணத்தை உடையவர் வகுத்தார். அவ்விலக்கணத்தை ஓட்டையின்றிக் காத்தளித்தவர் தேசிகன். வேலியின் பயன் வேலி போட்ட நாளில் தெரிவதில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் புதிதாக எழுந்த ஆக்ஷேபங்களுக்கு விடை தேடிய போதெல்லாம் அவர் நூல்களையே நாடினர்.

வேலிக்குள்ளே அவர் காத்த பயிர் சரணாகதி. ரஹஸ்யத்ரயஸாரம் என்னும் நூலை 32 அதிகாரங்களில் மணிப்ரவாள நடையில் அவர் அருளினார். எட்டெழுத்து, த்வயம், சரம சுலோகம் ஆகிய மூன்றின் உட்பொருளை அது விரிக்கின்றது. பக்தி யோகம் செய்ய ஞானம் வேண்டும், வலிமை வேண்டும், சாஸ்திரம் இசைந்த குலம் வேண்டும், நெடுங்காலம் பொறுத்திருக்கவும் வேண்டும். இவை இல்லாதவன் என் செய்வான்? இல்லாமையே அவனுக்குத் தகுதி என்று ஸ்வாமி காட்டுகிறார். வேறு கதி இல்லை என்ற உணர்வோடு எவர் வந்தாலும், எக்குலத்தவராயினும், சரணாகதிக்கு உரியவரே. அதற்கு ஐந்து அங்கங்கள்: எம்பெருமானுக்கு இசைந்ததைச் செய்யத் துணிதல், இசையாததை விடுதல், தன் கையில் முதல் இல்லை என உணர்தல், காப்பான் என்ற பெருநம்பிக்கை, காக்க வேண்டும் என்று வேண்டுதல்.

இங்கேதான் நம் ஸம்ப்ரதாயத்தில் நெடுநாளைய கருத்து வேற்றுமை ஒன்று எழுகின்றது. சேதனன் பக்கத்தில் ஏதேனும் செயல் வேண்டுமா? தாய்ப் பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்வது போல எம்பெருமான் தானே காப்பான். நாம் செய்வது ஒன்றும் இல்லை என்பது பிள்ளை லோகாசாரியர் முதலியோர் காட்டிய வழி. தாய்க் குரங்கைக் குட்டி பற்றிக்கொள்வது போலச் சிறிதேனும் பற்றுதல் வேண்டும் என்பது தேசிகனின் வழி என்பர். ஆனால் அப்பற்றுதல் மோக்ஷத்துக்கு விலை என்று தேசிகன் எங்கும் சொல்லவில்லை. அதற்கு அவர் இட்ட பெயர் வ்யாஜம், அதாவது ஒரு சாக்கு. காப்பதற்குக் காரணம் அவன் கருணையே. நம் செயல் அக்கருணை பெருகுவதற்கு ஒரு சாக்கு மாத்திரம். இச்சாக்கும் இல்லையெனில் அவன் ஒருவனைக் காத்து ஒருவனை விடுவது பக்ஷபாதம் ஆகிவிடாதோ என்பதே அவருடைய கவலை. மறுபக்கத்துப் பெரியோர்களின் கவலையோ, அச்சாக்கையே மனிதன் தன் சாமர்த்தியம் என்று மார்தட்டிக்கொள்வானே என்பது. இரண்டும் மெய்யான கவலைகள். திருமண்காப்பின் வடிவத்தைப் பற்றிய வழக்காக இதனைச் சுருக்கி, நீதிமன்றம் வரை கொண்டுசென்றது பின்வந்தோரின் வேலை. கோவலூர் இடைகழியை நினைத்துப் பார்க்கலாம். அங்கே ஆழ்வார்கள் அழைத்தா பெருமாள் வந்தான்? தானே வந்து நெருக்கினான். ஆயினும் வந்தவன் யார் என்று காண விளக்கேற்றியவர்கள் ஆழ்வார்களே. இரு கலையாரும் சேர்ந்து சேவிக்கும் இத்தலத்தில் இரு கருத்துக்கும் இடம் இருக்கிறது. நெருக்கமாகவே ஆயினும் இருக்கிறது.

தமிழ் மறையின்பால் அவருக்கிருந்த ஈடுபாட்டையும் கூறவேண்டும். திருவாய்மொழியின் பொருளை வடமொழியாளரும் அறியும்படி த்ரமிடோபநிஷத் தாத்பர்ய ரத்னாவளியை இயற்றினார். வேதாந்தத்தில் தெளியாத இடங்கள் ஆழ்வார்களின் பாசுரங்களைக் கற்றபின் தமக்குத் தெளிந்தன என்பதை அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டவர். வடமொழிப் பண்டிதர்களின் அவைகளில் அக்காலத்தில் இதைச் சொல்லுவதற்குத் துணிவு வேண்டும்.

அரங்கத்து வித்வான்கள் வாதத்துக்கு அழைக்க அவர் ஸ்ரீரங்கம் எழுந்தருளினார். வென்றார். அரங்கன் வேதாந்தாசாரியர் என்ற விருதை அளித்தான் என்பர். அங்கே வாழ்ந்த நாளில்தான், 1323 ஆம் ஆண்டில், தில்லிப் படை தென்னாட்டின் மேல் வந்தது. உத்ஸவம் நடந்துகொண்டிருந்த வேளையில் செய்தி எட்டியது. முதுமை எய்திய பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு சிலருடன் தென்திசை சென்றார். வழியில் ஜ்யோதிஷ்குடி என்னும் இடத்தில் திருநாட்டை அடைந்தார். மூலவரின் முன்னே கல்திரை எடுக்கப்பட்டது. காக்க நின்றோர் பலர் மாண்டனர்.

அந்நாளில் ஸுதர்சன பட்டரும் அரங்கத்தில் இருந்தார். அம்மாளின் கோஷ்டியில் வாய் திறவாதிருந்த அதே பெரியவர். இப்போது தள்ளாத கிழவர். ஓடுவதற்கு அவருக்கு உடலில் வலிமை இல்லை. ச்ருதப்ரகாசிகை ஓலைக் கட்டையும், சிறுவர்களான தம் குமாரர் இருவரையும் தேசிகனிடம் ஒப்படைத்தார். தேசிகனுக்கு அப்போது பிராயம் 55. வாதத்தில் எவரையும் வெல்லக்கூடிய அவருடைய நாவுக்கு அன்று வேலை இல்லை. இரண்டு குழந்தைகளையும் ஓர் ஓலைக்கட்டையும் அணைத்துக்கொண்டு, மடிந்து கிடந்தவர்களின் உடல்களுக்கு நடுவே தாமும் ஓர் உடலாகக் கிடந்து இரவைக் கழித்தார். படை அகன்ற பின் எழுந்து மேற்றிசை நடந்தார். ஸுதர்சன பட்டர் அரங்கத்திலேயே உயிர் நீத்தார்.

ஐந்து பிராயத்தில் விட்ட வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொடுத்தாரே, அன்று அறுந்தது ஒரு வாக்கியம். இன்று அறுபட இருந்தது அக்காலக்ஷேபம் முழுவதும். அச்சுப்பொறி இல்லாத காலம். ஓலை எரிந்தால் நூலும் எரிந்தது. பிள்ளைகள் மாண்டால் பாடம் சொல்லும் வமிசமும் மாண்டது. அவர் இயற்றிய நூற்றுக்கு மேற்பட்ட நூல்களைக் காட்டிலும், தாம் இயற்றாத இந்நூல் ஒன்றைக் காத்ததே அவர் செய்த பெரும் கைங்கரியம் என்று சொல்லத் துணிகிறோம்.

போருக்கும் படைக்கும் அஞ்சித் தெய்வத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டோரின் நினைவு நம் கல்வராயன் மலையிலும் வாழ்கின்றது. அம்மலைவாழ் மலையாளி மக்கள் தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தவர்கள் என்றும், கரியராமர் என்னும் தம் தெய்வத்தை உடன் கொண்டுவந்தனர் என்றும் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். கரியராமர் கோயிலுக்கு அவர்கள் ஏறிச் செல்லும் பாதையில் சாஸ்திரங்கள் ஓதப்படுவதில்லை. ஆயினும் அவர்கள் கதைக்கும் அரங்கத்தார் கதைக்கும் உள்ளூர உறவு உண்டு என்றே நமக்குப் படுகிறது.

தேசிகன் கன்னட நாட்டில் காவிரிக் கரையில் உள்ள ஸத்யாகாலத்தில் தங்கினார், திருநாராயணபுரத்திலும் இருந்தார். பட்டரின் குமாரர்களை வளர்த்து ஆளாக்கினார். ச்ருதப்ரகாசிகையைக் கொண்டு சீடர்களுக்கு ஸ்ரீபாஷ்யம் ஸாதித்தார். அரங்கம் அச்சம் நீங்கப் பெறவேண்டும் என்று அபீதி ஸ்தவம் பாடியதும் இக்காலத்திலேதான். அஞ்சாதவர் என்று நாம் எண்ணும் ஒருவர் அச்சத்தைப் பற்றியே ஒரு ஸ்தோத்திரம் பாடினார். தம் ஊருக்காகவும் தம் மக்களுக்காகவும் அஞ்சினார் என்பதை மறைக்கவும் இல்லை.

முதிர்ந்த பிராயத்தில் அவர் அரங்கம் மீண்டார் என்று குருபரம்பரை கூறும். 1369 ஆம் ஆண்டு, ஸௌம்ய வருஷம் கார்த்திகையில், 101 பிராயம் நிரம்பியவராகத் திருநாடு அலங்கரித்தார். திருமுடி குமாரர் நயினார் வரதாசாரியரின் மடியிலும், திருவடிகள் சீடர் ப்ரஹ்மதந்த்ர ஸ்வதந்த்ர ஜீயரின் மடியிலும் இருக்க, திருவாய்மொழியும் உபநிஷத்தும் செவியில் ஒலிக்கக் கண்வளர்ந்தார் என்பர். அந்த ஜீயரே பரகால மடத்தின் முதல் பீடாதிபதியாக விளங்கினார்.

நம்பெருமாள் பல ஊர்களில் தங்கித் திருமலையிலும் நெடுநாள் எழுந்தருளியிருந்தார். விஜயநகரத்துக் குமார கம்பணரின் படைகள் தெற்கே இறங்கியபோது, செஞ்சியை ஆண்டுவந்த கோபணார்யர் அவரைத் திருமலையினின்று செஞ்சிக்கு எழுந்தருளப்பண்ணி, அருகிலுள்ள சிங்கவரத்தில் வைத்து ஆராதித்து, பின்னர் அரங்கத்தில் மீண்டும் பிரதிஷ்டை செய்தார். கோபணார்யரைப் போற்றும் இரண்டு சுலோகங்கள் அரங்கத்துத் திருமதிலில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை அருளியவர் தேசிகனே என்பது ஸம்ப்ரதாயம். கல்வெட்டில் காணும் ஆண்டோ சகம் 1293, அதாவது 1371. ஸ்வாமி திருநாடு எழுந்தருளியதாகக் குறித்த ஆண்டுக்கு இரண்டு ஆண்டுகள் பிந்தியது. கல்வெட்டுக் கணக்கைப் பிடித்தால் நம்பெருமாளின் மீட்சியை அவர் கண்ணாரக் கண்டிருக்க முடியாது. ஸம்ப்ரதாயத்தைப் பிடித்தால் கண்டு, பாடி, கல்லில் எழுதவும் செய்தார். அரங்கத்தில் அச்சுவரின் முன் நிற்கும் அன்பர்கள் ஸம்ப்ரதாயத்தின் பக்கமே நின்று கைகூப்புகின்றனர்.